அழுகைக் கோச்சியில் போன பொருள்கள்

அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்த மாணவி ஒருவர் அண்மையில் என்னைக் காண வந்திருந்தார். பல்கலைக்கழகத்தில் அருங்காட்சியகவியல் பயில்கிறார். நாங்கள் நூதனசாலை என்று சொல்லிப் பழகிய துறைதான். தோட்டத் தொழிலாளரின் புழங்குபொருள்கள் குறித்து ஆய்வேடு எழுதுகிறார்.

"சேர், எழுபதுகளில் அட்டன் ஸ்டேஷனில் நின்று செய்தி எழுதினீர்களாமே. இந்தியாவுக்குப் போன சனங்கள் கையில் என்னென்ன கொண்டு போனார்கள்?"

என்னிடம் பதில் இருக்கவில்லை.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். மலையிலிருந்து தலைமன்னாரை நோக்கி அவர்களை ஏற்றிச் சென்ற புகையிரதத்துக்கு மக்கள் வைத்த பெயர் 'அழுகைக் கோச்சி'. நான் அங்கே நின்று தலைகளை எண்ணினேன். தகரப் பெட்டிகளுக்குள் என்ன இருந்தது என்று ஒருவரையும் கேட்கவில்லை.

பரோடாவில் 1952இலும் இங்கிலாந்தின் லெஸ்டரில் 1966இலும் இத்துறைக்கெனப் பல்கலைக்கழகப் பிரிவுகள் தோன்றின. மாணவர் கற்கும் முதற்பாடம் பதிவேடு. பொருள் யாருடையது, எங்கே புழங்கியது, எவ்வழியாக வந்தது என்ற மூன்றும் இல்லையேல் கொழுந்துக் கூடை வெறும் கூடைதான்.

கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வந்த கூலியாட்களின் கழுத்தில் தகர வில்லை தொங்கியது. அதில் தோட்டத்தின் குறியீடு பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் காட்டினால் வழிச்செலவு தோட்டத்துக் கணக்கில் எழுதப்படும். பின்னர் தொழிலாளியின் தலையில் கடனாக ஏறும். இந்த வரலாறு உடன் இல்லாவிட்டால் அதுவும் ஒரு தகரத் துண்டே.

கண்டி ஹந்தானையில், 1925இல் கட்டிய தொழிற்சாலையில், 2001ஆம் ஆண்டு முதல் தேயிலை நூதனசாலை இயங்குகிறது. பழைய இயந்திரங்களையும், 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரின் நினைவையும் அங்கே காணலாம். தொழிலாளரின் கதையைச் சொல்லவென்று கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தின் பழைய லயத்தில் ஓர் அருங்காட்சியகம் உருவாக 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

"அப்பாவை அங்கே கூட்டிப் போனேன், சேர். 'நாம இருக்கிற காம்பராவும் இப்படித்தானே இருக்கு, இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?' என்று கேட்டார்" என்றார் மாணவி. நூற்றாண்டு கடந்த லயங்களில் இன்றும் மக்கள் வாழ்கின்றனர். காட்சிக்கு வைத்த வாழ்க்கை இன்னும் முடிந்துவிடவில்லை. இத்துறையின் பாடநூல்களுக்கு இது சங்கடமான கேள்வி. அதை ஆய்வேட்டிலேயே எழுதச் சொன்னேன்.

இன்னொன்றும் சொன்னேன். தாயகம் திரும்பியோருக்காக 1968இல் தமிழ்நாடு அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர் வீடுகளில் தேடாமல் மலையகத்தின் பதிவேடு நிறைவுபெறாது.

எங்கிருந்து இதை வாசிப்பவராயினும், உங்கள் வீட்டுப் பரணில் பாட்டியின் கம்பளியோ, கவ்வாத்துக் கத்தியோ, பழைய கடவுச்சீட்டோ கிடக்கலாம். எறிவதற்கு முன் ஒரு தாளில் மூன்று வரி எழுதி அதனுடன் வையுங்கள்: யாருடையது, எந்தத் தோட்டம், எப்படி வந்தது. அட்டன் மேடையில் நான் கேட்கத் தவறியவை அவைதாம்.