கச்சை தைத்த கையும் எழுதுகோலும்

நாடுகள் விடுதலை பெற்ற வரலாற்றைப் படிப்போர் படைத்தலைவர்களையும் ஆட்சியாளர்களையும் எளிதில் நினைவிற் கொள்வர். அமெரிக்க விடுதலை வரலாற்றிலும் ஜார்ஜ் வாஷிங்டன், பெஞ்சமின் பிராங்கிளின், தாமஸ் ஜெபர்சன் ஆகியோரே முன்வரிசையில் நிற்கின்றனர். நாணயங்களும் பணத்தாள்களும் அவர்தம் உருவங்களைத் தாங்கியுள்ளன. ஆனால், ‘விடுதலை’ என்னும் சொல்லை அஞ்சி அஞ்சி உச்சரித்துக் கொண்டிருந்த மக்களை, அதனை உரத்துக் கூறச் செய்த ஒருவருக்கு எலும்புகள் தங்குவதற்கு ஒரு கல்லறைகூட இல்லை. அவரே தாமஸ் பெயின்.

1737ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நார்போக் மாவட்டத்திலுள்ள தெட்போர்டு என்னும் சிற்றூரில் பெயின் பிறந்தார். தந்தையார் குவேக்கர் என்னும் சமயப் பிரிவினர். மகளிர் அணியும் இறுக்குக் கச்சைகளைத் தைத்து விற்பது அவர் தொழில். சிறு வயதிலேயே பள்ளிப்படிப்பு நின்றுபோக, மகனும் தந்தையின் தொழிலுக்கே வந்தார். பின்னர்க் கப்பலில் சென்றார், கடை வைத்தார், கலால் வரி அலுவலரானார். எத்தொழிலும் நிலைக்கவில்லை. 1759இல் மணந்த மனைவி அடுத்த ஆண்டே இறந்தார். கலால் அலுவலர்களின் குறைந்த ஊதியம் அவர்களை நேர்மை தவறத் தூண்டுகிறது என விளக்கி, 1772இல் தம் தோழர்களுக்காக ஒரு முறையீட்டை எழுதினார். நாடாளுமன்றம் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1774இல் வேலை பறிபோயிற்று. வீட்டுப் பொருள்கள் ஏலத்திற்குச் சென்றன. இரண்டாம் மனைவியும் பிரிந்தார்.

முப்பத்தேழு வயதில் வெறுங்கையராய் நின்ற அம்மனிதரிடம் ஒரு திறமை இருப்பதை இலண்டனில் கண்டுகொண்டவர் பிராங்கிளின். அவர் தந்த அறிமுகக் கடிதங்களுடன் பெயின் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். வழியில் கப்பற் காய்ச்சல் பரவியது. 1774ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களின் இறுதியில் பிலடெல்பியாவை அடைந்தபோது, நடக்கவும் இயலாத அவரைப் பிறர் தூக்கிக்கொண்டே கரை சேர்க்க வேண்டியிருந்தது.

உடல் தேறியதும் அங்கு ஒரு மாத இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். அவ்விதழில் 1775இல் வெளிவந்த கட்டுரைகளுள் ஒன்று, இந்தியாவைச் சூறையாடிப் பெருஞ்செல்வம் திரட்டிய கிளைவ் பிரபுவின் வாழ்வைக் கடுமையாகச் சாடியது. ஆர்க்காட்டு முற்றுகையால் தமிழ் மண்ணில் பெயர் பெற்ற அதே கிளைவ்தான். ஆதிக்கத்தின் கை எங்கெல்லாம் நீள்கிறது என்பதை அவ்விதழ் அறிந்தே இருந்தது.

1775 ஏப்ரலில் லெக்சிங்டனில் பிரித்தானியப் படைக்கும் குடியேற்ற மக்களுக்கும் இடையே குருதி சிந்தப்பட்டது. ஆயினும் பலர் அப்போதும் தனி நாடு கேட்கத் துணியவில்லை. “அரசர் நல்லவர், அமைச்சர்களே தீயவர்” என்பதே அவர்களின் எண்ணம். அதே ஆண்டு சூலையில், சமாதானம் வேண்டி அரசருக்கு விண்ணப்பமும் அனுப்பினர். இந்த மயக்கத்தைக் கலைத்தது 1776 சனவரி 10ஆம் நாள் ஆசிரியர் பெயரின்றி வெளியான ‘பொது அறிவு’ என்னும் ஐம்பது பக்கங்களுக்கும் குறைந்த சிறு நூல்.

அந்நூலின் ஆற்றல் கருத்தில் மட்டுமின்றி நடையிலும் இருந்தது. அக்காலக் கல்விமான்கள் இலத்தீன் மேற்கோள்களை அடுக்கித் தம்மைப் போன்ற கல்விமான்களுக்கே எழுதினர். பெயினோ தச்சரும் உழவரும் கப்பல் தொழிலாளரும் புரிந்துகொள்ளும் மொழியில் எழுதினார். அவர்கள் வீட்டில் படித்த விவிலியத்திலிருந்தே சான்று காட்டினார். பிறப்பால் ஒருவர் அரசராவது அறிவுக்குப் பொருந்தாது என்றார். ஒரு பெருங்கண்டத்தை ஒரு தீவு ஆள்வது இயற்கைக்கே முரண் என்றார். படிக்கத் தெரிந்தவர் படிக்க, தெரியாதவர் சுற்றி அமர்ந்து கேட்டனர். மூன்று மாதங்களில் 1,20,000 படிகள் விற்றதாகப் பெயின் கூறியதை இக்கால ஆய்வாளர் பலர் மிகையெனக் கருதுவர். எனினும், அது மக்கள் மனத்தைப் பெரிதும் மாற்றி வருவதாக வாஷிங்டனே கடிதத்தில் எழுதினார். அவ்வாண்டு சூலையில் விடுதலை அறிக்கை வெளிவந்தது. நூலால் தமக்கு வரவேண்டிய பங்கைப் போர்வீரர்களுக்குக் கையுறை வாங்கப் பெயின் அளித்துவிட்டார்.

போர் தொடக்கத்தில் தோல்விமேல் தோல்வி தந்தது. 1776 டிசம்பரில் வாஷிங்டனின் படை நியூயார்க்கை இழந்து, பனியில் பின்வாங்கிக் கொண்டிருந்தது. படையுடன் நடந்த பெயின் ‘அமெரிக்க நெருக்கடி’ என்னும் தொடரின் முதற்கட்டுரையை எழுதினார். அது டிசம்பர் 19இல் அச்சேறியது. வீரர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டப்பட்டது என்பது வழிவழிச் செய்தி. டிசம்பர் 25 இரவு, பனிக்கட்டிகள் மிதந்த டெலவேர் ஆற்றை அப்படை கடந்தது. மறுநாள் டிரென்டனில் வெற்றி பெற்றது. வென்றது வீரர்களின் துணிவே. எனினும், துவண்ட உள்ளங்களுக்கு ஊன்றுகோலாக அவ்வெழுத்து நின்றது.

போர் முடிந்ததும் நியூயார்க் மாநிலம் அவருக்கு நியூ ரோச்செல் என்னுமிடத்தில் ஒரு பண்ணையை வழங்கியது. அங்கே அமைதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால், 1787இல் ஐரோப்பா சென்ற பெயின், பிரெஞ்சுப் புரட்சியைப் பழித்து எட்மண்டு பர்க் எழுதிய நூலுக்கு மறுப்பாக ‘மனித உரிமைகள்’ என்னும் நூலை 1791, 1792ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்டார். முதியோர்க்கு உதவித்தொகை, ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கு உதவி ஆகியவற்றை அந்நாளிலேயே அதில் கணக்கிட்டுக் காட்டினார். பிரித்தானிய அரசு, அவர் இல்லாத நிலையிலேயே அவரை அரசத் துரோக எழுத்துக்காகக் குற்றவாளி எனத் தீர்த்தது. மராட்டிய மண்ணில் சாதிக்கொடுமையை எதிர்த்த சோதிராவ் பூலேயின் உள்ளத்தைப் பிற்காலத்தில் தொட்டது இந்நூலே.

பிரான்சு அவரைத் தன் தேசியப் பேரவைக்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. மன்னராட்சியை வாழ்நாளெல்லாம் எதிர்த்தவர் பெயின். ஆயினும் 1793 சனவரியில், பதவியிழந்த பதினாறாம் லூயியைக் கொல்வதா என்ற வினா எழுந்தபோது, “கொல்ல வேண்டா, அமெரிக்காவுக்கு நாடு கடத்துங்கள்” என வாதிட்டார். மன்னர் பதவியை ஒழிக்க விரும்பினாரேயன்றி மனிதரை ஒழிக்க விரும்பினாரல்லர். அதன் விளைவாகத் தீவிரவாதிகளின் பகைக்கு ஆளாகி, அவ்வாண்டு டிசம்பரில் சிறைப்பட்டார். கொலைக்கருவியின் நிழலில் பத்துத் திங்கள் கழிந்தன. தமக்கு உதவ வாஷிங்டன் முன்வரவில்லை என்ற மனக்குமுறல் அவரை வாட்டியது. அமெரிக்கத் தூதராக வந்த ஜேம்ஸ் மன்றோவின் முயற்சியால் 1794 நவம்பரில் விடுதலையானார். பின்னர் வாஷிங்டனைத் தாக்கி எழுதிய பகிரங்கக் கடிதத்தில் நியாயமான வருத்தமும் அளவு மீறிய கசப்பும் கலந்திருந்தன. பெரியோரும் குறையற்றவர் அல்லர்.

அக்கடிதத்தினும் மிகுதியான பகையைத் தேடித் தந்தது ‘பகுத்தறிவுக் காலம்’ என்னும் நூல். கடவுள் ஒருவர் உண்டு என்று அதில் தெளிவாகவே எழுதினார். ஆனால் திருச்சபையின் அதிகாரத்தையும் விவிலியம் இறைவாக்கு என்பதையும் மறுத்தார். அது போதுமானதாயிற்று. 1802இல் அவர் அமெரிக்கா திரும்பியபோது, ‘நாத்திகர்’ என்ற வசையே வரவேற்றது. பழைய நண்பர்கள் விலகினர். 1806இல் நியூ ரோச்செலில் வாக்களிக்கச் சென்றவரை, அமெரிக்கக் குடிமகன் அல்லர் என்று கூறித் திருப்பி அனுப்பினர். அந்நாட்டின் விடுதலைக்குக் குரல் கொடுத்தவருக்கே அந்நாட்டில் குரல் மறுக்கப்பட்டது.

1809 சூன் 8இல் நியூயார்க்கில் பெயின் காலமானார். தம் இடுகாட்டில் அடக்கம் செய்யக் குவேக்கர்கள் இசையவில்லை. பண்ணை நிலத்திலேயே அடக்கம் நடந்தது. அரசின் சார்பில் எவரும் வரவில்லை. அவர் ஆதரித்த பிரெஞ்சுப் பெண்மணி ஒருவரும் அவர் பிள்ளையும் கறுப்பினத்தார் இருவரும் உட்பட மிகச் சிலரே குழியருகே நின்றனர். பத்தாண்டுகளுக்குப்பின் வில்லியம் காபெட் என்னும் ஆங்கில எழுத்தாளர், நினைவுச் சின்னம் எழுப்பும் எண்ணத்துடன் எலும்புகளைத் தோண்டி இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றார். சின்னம் எழவில்லை, காபெட்டின் மறைவுக்குப்பின் எலும்புகளும் சிதறிப்போயின.

மன்னரைச் சாடியபோது அமெரிக்கா அவரைப் போற்றியது. மதகுருமாரைச் சாடியபோது தூற்றியது. மாறியவர் பெயின் அல்லர். இருமுறையும் அவர் எடுத்த கோல் ஒன்றே. தமக்கு இனிக்கும் உண்மையை எழுதுபவரைக் கொண்டாடுவது எவர்க்கும் எளிது. கசக்கும் உண்மையை எழுதும்போதும் அவரது முந்தைய பணியை மறவாதிருப்பதே ஒரு சமுதாயத்தின் நன்றியுணர்வுக்கு அளவுகோல். அந்த அளவுகோலில் அன்றைய அமெரிக்கா குறைவுபட்டது. பெயினின் எலும்புகள் எங்குள்ளன என்பதை எவரும் அறியார். அவர் நூல்களோ இன்றும் அச்சாகி, படிப்போர் கைகளில் தவழ்ந்து கொண்டிருக்கின்றன.