தாய்ப்பத்திரமும் கணினிக் களஞ்சியமும்



ஞாயிறன்று பழைய மாணவன் ஒருவன் வந்திருந்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் மென்பொருள் வேலை. "சார், எங்க புரோகிராம் மொத்தமும் ஒரே களஞ்சியத்துல இருக்கு. இப்ப மூணாப் பிரிக்கிறோம். ஃபைலைப் பிரிக்கிறது சுலபம். எந்த வரியை யார், எப்போ, எதுக்கு மாத்தினாங்கங்கிற வரலாறும் கூடவே போகணும், அதுதான் சிரமம்" என்றான்.

"நம்ம ஊர் சர்வேயர் செய்யற வேலைதானேப்பா!" என்றேன்.

1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையும் வந்தபின் இங்கே வயல்கள் மனைகளாயின. சர்வே எண் 125 பிரிந்தால் 125/1, 125/2. இரண்டாவது மறுபடி பிரிந்தால் 125/2ஏ, 125/2பி. அதற்குள்ளும் பிரிந்தால் 125/2ஏ1. எண்ணைப் படித்தாலே தாத்தா, அப்பா, பிள்ளை தெரிந்துவிடும்.

கணினியில் அப்படியில்லையாம். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய 'கிட்'டில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓர் அடையாள எண். முந்தைய மாற்றத்தின் எண்ணையும் சேர்த்துத்தான் அது கணக்கிடப்படுகிறது. இடையில் ஒன்றை நீக்கினால் அதற்குப் பிறகு வரும் எல்லா எண்களும் மாறிவிடும். அதனால் பழைய எண்ணுக்குப் புது எண் எது என்று பட்டியல் எழுதி, பழைய களஞ்சியத்தைப் படிக்க மட்டும் என்று பூட்டி வைப்பார்களாம். லினக்ஸை கிட்டுக்குக் கொண்டுவந்தபோது லினஸே பழைய வரலாற்றை விட்டுவிட்டுத்தான் தொடங்கினார். பிறகு அதைத் தனியாகத் திரட்டி ஒட்டிப் பார்க்க வழி செய்தார்கள்.

நமக்கு ஒட்டிக் கொடுப்பவர் யார்? செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த அம்பத்தூர் 1997இல் திருவள்ளூர் மாவட்டத்துக்குப் போனது. 2011இல் சென்னை மாநகராட்சி, 2018இல் சென்னை மாவட்டம். வீடு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது!

என் தங்கை மகள் வீட்டுக்கடன் கேட்டபோதுதான் இது உறைத்தது. எங்கள் மனைக்கு வில்லங்கச் சான்று எடுத்தால், பாதி வருஷங்கள் ஓர் அலுவலகத்தில், மீதி வேறோர் அலுவலகத்தில். பழைய கையெழுத்து அட்டவணையில் அப்பாவின் இனிஷியல் தப்பு. ஐந்து மாதம் அலைந்தோம். தாய்ப்பத்திரத்தின் அசல், அந்த லேஅவுட்டில் பெரிய பாகம் வாங்கியவரிடம் போய்விட்டது. எங்களிடம் இருப்பது மங்கிய ஜெராக்ஸ், மூன்றாம் பக்கம் இல்லை. கடன் இன்னும் நிற்கிறது.

பூந்தமல்லி சித்தப்பா வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். நீங்களும் அதே லேஅவுட்டில்தான் மனை வாங்கினீர்கள். பரணில் இருக்கும் தகரப் பெட்டியை ஒருமுறை பாருங்கள். மூன்றாம் பக்கம் கிடைத்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள். அசலை யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம், நானே வருகிறேன்.