பற்றேடும் பள்ளியும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெகிரி செம்பிலான் காடுகள் பல இரப்பர்த் தோட்டங்களாயின. சிரம்பான் முதலிய பட்டணங்களுக்குத் தொலைவில் வாழ்ந்த தொழிலாளர்க்குத் தோட்டத்துக் கடையே சந்தை. அரிசி, பருப்பு, புளி, கருவாடு, மண்ணெண்ணெய் யாவும் அங்குக் கடனுக்குக் கிடைத்தன. பல தோட்டங்களில் அக்கடையை நடத்தியவர் கங்காணியே. ஆளைக் கூட்டி வந்தவரும், வேலை வாங்கியவரும், பற்றேட்டை எழுதியவரும் ஒருவரேயானால், எழுத்தறியாத தொழிலாளி யாரிடம் முறையிடுவான்? சம்பள நாளில் பழைய கடன் கழியும்; மறுநாளே புதிய கடன் தொடங்கும்.

1910இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிக்கப்பட்டது. பற்றேட்டின் பிணைப்போ ஒழியவில்லை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் உள்ள தோட்டங்களில் பள்ளி அமைக்குமாறு விதித்தது. அப்பள்ளிகளின் குறைகள் பல. எனினும், அங்கே கூட்டலும் கழித்தலும் கற்ற பிள்ளை, தந்தையின் கணக்கைப் படிக்கும் கண்ணாயிற்று.