தரவு சேகரிப்புக் கருவிகளின் உள்ளீட்டுப் பாதுகாப்பு

வெப்பம், காற்றழுத்தம், மழை முதலியவற்றை உணரிகளிடமிருந்து மின்குறிப்புகளாகப் பெற்றுப் பதிவு செய்யும் கருவி தரவு சேகரிப்புக் கருவி எனப்படும். அதன் உள்ளீடு பெரும்பாலும் 5 அல்லது 10 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. அருகில் மின்னல் விழுந்தாலே உணரியின் நீண்ட கம்பியில் பல நூறு வோல்ட் தூண்டப்படலாம். இந்திய வானிலைத் துறையின் ஆய்வகமும் டாப்ளர் ரேடாரும் உள்ள காரைக்கால் போன்ற கடலோர ஊர்களில் இது பெரிய தொல்லை. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது போன்ற இரவுகளின் பதிவே மீனவர்க்கும் உழவர்க்கும் மிகத் தேவை. கருவி பழுதாக வாய்ப்பு மிகுதியாக உள்ளதும் அத்தகைய இரவுகளில்தான்.

இந்த ஆபத்துக்கு முதலில் பலியானது கருவி அல்ல, மனிதர். 1753-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கியார்க் ரிச்மன், கூரையிலிருந்து வீட்டுக்குள் இறங்கிய கம்பியில் மின்னூட்டத்தை அளக்க முயன்று இறந்தார். அக்கம்பிக்குத் தரை இணைப்பு இல்லை. தந்தி வந்தபின் பிரான்சில் லூயி பிரெகே 1847-இல் கருவிக்கு முன்னால் மெல்லிய கம்பி ஒன்றைச் சேர்த்தார். மின்னல் வந்தால் அது உருகும், கருவி தப்பும். (அக்காலத்தில் காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது, 1954 நவம்பர் 1 வரை அப்படியே.) 1934-இல் கிளாரன்ஸ் சீனர் விளக்கிய மின்முறிவின் பெயரால் சீனர் டையோடு வந்தது. 1960-களின் இறுதியில் ஜப்பானின் மாட்சுஷிட்டா நிறுவனம் துத்தநாக ஆக்சைடு வேரிஸ்டரை உருவாக்கியது.

இன்று இவை அடுக்கடுக்காக வைக்கப்படுகின்றன. வாசலில் வாயுக்குழாய்: பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும், ஆனால் மெதுவாக விழிக்கும். உள்ளே டையோடு: உடனே விழிக்கும், ஆனால் மென்மையானது. இரண்டுக்கும் நடுவே ஒரு மின்தடை. பலர் இதை விட்டுவிடுகிறார்கள். டையோடைக் காப்பதே அதுதான். 5 வோல்ட் உள்ளீட்டில் தவறி 100 வோல்ட் வந்தாலும், 10 கிலோ ஓம் தடை இருந்தால் பாய்வது ஏறத்தாழ 9.5 மில்லி ஆம்பியர் மட்டுமே. நான் பள்ளியில் பணியாற்றியபோது, தொடரில் தடை வைக்க மறந்து ஒரு கால்வனோமீட்டரை மாணவர் முன்பே எரித்திருக்கிறேன். அன்றைக்குப் புரிந்த ஓம் விதியைப் பின்னர் எந்தப் பையனும் மறக்கவில்லை.

பெரிய தடை வேகமான குறிப்புகளை மழுக்கும். மெதுவாக மாறும் வெப்பநிலைக்கு அது பொருட்டல்ல.

எத்தனை அடுக்கு வைத்தாலும் மின்னோட்டம் போய்ச் சேர நல்ல தரை இணைப்பு வேண்டும். காரைக்கால் கரையில் ஈரமணல் மின்னைக் கடத்தும்; உப்புக் காற்றோ இணைப்புத் திருகுகளை அரிக்கும். ஐப்பசி அடைமழைக்கு முன்பே துருவைச் சுரண்டி அவற்றை மீண்டும் இறுக்கிவிட வேண்டும்.