குச்சிக்கிழங்கில் பிறந்த முத்து

பபிள் டீ குடித்துவிட்டு வந்தவர்களிடம் விசாரித்தால், டீயின் ருசியைச் சொல்வதற்கு முன்னால் கப்பின் அடியில் கிடக்கும் கறுப்பு உருண்டைகளைப் பற்றித்தான் பேசுவார்கள். குன்னத்தூரிலிருந்து கோவைக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கும், திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போய்வரும் இளைஞர்களுக்கும் அது இப்போது பழகிய பானம். வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்குத்தான் சந்தேகம். ஜெல்லியா, ஏதாவது விதையா, வயிற்றுக்குள் போய்க் கரையுமா என்று கேட்கிறார்கள். அந்த உருண்டை மரவள்ளிக்கிழங்கு மாவு. ஈரோடு, நாமக்கல், சேலம் பக்கத்துத் தோட்டங்களில் குச்சிக்கிழங்கு என்று சொல்லி நட்டு, பத்து மாதம் காத்திருந்து பிடுங்குகிறார்களே, அதே கிழங்கு. பாயசத்து ஜவ்வரிசிக்கும் இதற்கும் மூலப்பொருள் ஒன்றுதான்.

பானமாக அது பிறந்தது தைவானில். தைச்சுங் நகரத்தில் 1983இல் லியூ ஹான்-ஜியே என்பவர் ஒரு தேநீர்க்கடை திறந்தார். பின்னாளில் சுன் ஷுய் தாங் என்று பேர்பெற்ற கடை அது. தேநீரைச் சூடாகக் குடிப்பதுதான் அந்த ஊர் வழக்கம். ஜப்பானில் காபியை ஐஸ் போட்டுக் கொடுப்பதைப் பார்த்து வந்த லியூ, தேநீரையும் ஐஸும் சர்க்கரைப் பாகும் சேர்த்து, மதுக்கடைகளில் வைத்திருக்கும் மூடிபோட்ட குவளையில் நன்றாகக் குலுக்கி, நுரை ததும்பக் கொடுத்தார். வழக்கத்தை மீறிய இந்தக் குளிர் தேநீர் இளவட்டங்களிடம் எடுபட்டது. 1980களின் பிற்பகுதியில் ஒருநாள், அதே கடையில் வேலை பார்த்த லின் ஷியு-ஹுய் என்ற பெண்மணி, அலுவலகக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது, தான் சாப்பிடக் கொண்டுவந்திருந்த ஃபென் யுவான் என்னும் இனிப்பு மாவுருண்டைகளைத் தன் ஐஸ் டீயில் கொட்டிக் குடித்துப் பார்த்தார். கூட்டத்திலிருந்த எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. கொஞ்ச நாளில் அது கடையின் விலைப்பட்டியலில் ஏறியது.

தைனான் நகரத்து ஹன்லின் தேநீரகம் சொல்கிற கதை வேறு. ஓவியரான தூ சோங்-ஹே 1986இல் தேநீரகம் தொடங்க முனைந்தபோது, உள்ளூர்ச் சந்தையில் வெள்ளை மாவுருண்டைகள் விற்பதைப் பார்த்தாராம். பச்சைத் தேநீரில் அவற்றைப் போட்டபோது முத்து போலத் தெரிந்தன. பெரிய கறுப்பு உருண்டைகளைப் பால் கலந்த தேநீரில் போட்டது பிறகுதான். முதலில் கண்டுபிடித்தது யார் என்று இரண்டு கடைகளும் பத்தாண்டுபோல நீதிமன்றத்தில் மோதிக்கொண்டன. 2019இல் முடிவு வந்தது. இது காப்புரிமைக்கு உரிய பொருள் இல்லை, எந்தக் கடைக்காரரும் கலந்து கொடுக்கலாம், ஆகவே முதலில் செய்தது யார் என்று தீர்மானிக்க வேண்டிய தேவையே இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு அது நியாயமான தீர்ப்பாகத்தான் படுகிறது. இரண்டு கதைகளிலும் உருண்டை ஏற்கெனவே இருந்திருக்கிறது. ஒன்றில் கையோடு கொண்டுவந்த தின்பண்டமாக, இன்னொன்றில் சந்தைச் சரக்காக. கிழங்கு மாவை உருட்டி, அவித்து, பாகில் போட்டு, சீவின ஐஸோடு விற்ற பெயர் தெரியாத தெருக்கடைக்காரர்கள் அதற்கு முன்னாலேயே இருந்தார்கள். தேநீரின் பக்கத்திலும் நமக்கு ஒரு தொடர்பு உண்டு. தைவான் ஜப்பானியர் ஆட்சியில் இருந்த 1920களில் அசாமிலிருந்து தேயிலை விதை கொண்டுபோய், சன் மூன் ஏரிக்கரை மலைகளில் பயிரிட்டார்கள். அந்த ஊரின் கறுப்புத் தேயிலைக்கு அதுதான் அடித்தளம்.

கிழங்கு வந்த வழி இன்னும் நீளம். மரவள்ளியின் தாய்மண் பிரேசில் பக்கத்துத் தென்னமெரிக்கா. போர்த்துக்கீசியர் அதை மலையாளக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, ஏழைகளின் பசிக்கு உதவும் என்று அதைப் பரப்பினார். இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றுபோனபோது எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறாக இருந்தது அந்தக் கிழங்குதான்.

அதே போர்தான் சேலத்துக்கும் ஒரு தொழிலைக் கொடுத்தது. அதுவரை ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் மலேயா பக்கத்திலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தன. ஜப்பான் உள்ளே நுழைந்ததும் வரத்து நின்றது. சேலத்து மாணிக்கஞ் செட்டியார் கருவாட்டு வியாபாரி. வியாபாரத்துக்காக அடிக்கடி கேரளம் போய்வந்தவர், மரவள்ளி மாவின் அருமையை அங்கேதான் அறிந்தார். பினாங்கிலிருந்து வந்துவிட்ட போபட்லால் ஷாவுக்கோ ஜவ்வரிசி செய்யும் விதம் தெரியும். இருவரும் சேர்ந்து 1943இல் சேலத்தில் கைவேலையாகவே தொடங்கினார்கள். வெங்கடாசலக் கவுண்டர் என்ற மெக்கானிக் இயந்திரங்களைத் திருத்தி அமைத்துக் கொடுத்த பிறகு, நாளுக்கு இரண்டு மூட்டை எடுத்த இடத்தில் 25 மூட்டை எடுக்க முடிந்தது. மறு ஆண்டே ஒரு சோதனை வந்தது. பஞ்ச காலத்தில் மக்கள் சாப்பிடுகிற கிழங்கு என்று மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. உற்பத்தியாளர்கள் ஒன்றுகூடி முறையிட்டுத்தான் அந்தத் தடையை நீக்கினார்கள். இன்றைக்கு இந்தியாவின் ஜவ்வரிசியில் பெரும்பங்கு இந்த வட்டாரத்தில்தான் தயாராகிறது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஜவ்வரிசி செய்யும் சேகோ ஃபேக்டரிக்குள் ஒருமுறை நின்று பார்த்தவர்களுக்கு அந்தப் புளித்த வாடை மறக்காது. லாரியில் வந்து இறங்கும் கிழங்கைப் பாயிண்ட் பார்த்துத்தான் விலை போடுவார்கள். மாவுச்சத்து எவ்வளவு என்பதுதான் பாயிண்ட். அது ஒன்றிரண்டு குறைந்தாலும் விவசாயியின் கையில் வரும் பணம் குறையும். கழுவி, தோல் நீக்கி, அரைத்து, சல்லடையில் பாலைப் பிரித்தால் மிஞ்சும் சக்கை திப்பி. அது தீவனத்துக்குப் போகும். பாலைத் தொட்டியில் விட்டுவைத்தால் அடியில் வெள்ளையாக மாவு படியும். அந்த ஈர மாவைப் பொடித்து, துணித் தூளியில் போட்டு ஆட்டினால், குருணை குருணையாகச் சேர்ந்து உருளும். சலித்து அளவு பிரித்து, சூடான தட்டில் வறுத்தால் ஒரு வகை. ஆவியில் வேகவைத்தால் நைலான் ஜவ்வரிசி. பிறகு சிமெண்டுக் களத்தில் வெயில் காயவேண்டும். மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் நவராத்திரி, ஏகாதசி விரதத்துக்குச் சமைக்கிற சாபுதானா கிச்சடிக்குப் பெரும்பாலும் இங்கிருந்துதான் மூட்டை ஏறுகிறது.

இந்த ஜவ்வரிசியை அப்படியே டீயில் போட்டால் ஆகாதா? என் அக்கா மகள் அதைத்தான் செய்துபார்த்தாள். நைலான் ஜவ்வரிசியை அரைமணி நேரம் கொதிக்கவிட்டு, ஃப்ரிட்ஜில் வைத்த பால் டீயை அதன்மேல் ஊற்றி, ஒரு வாய் குடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். “ஏனுங் மாமா, இது பாயசமாயிருச்சுங்க. கடையில மாதிரி மெல்ல வரமாட்டேங்குதே?”

வேறுபாடு பிசைவதில் இருக்கிறது. ஜவ்வரிசி ஈர மாவு ஒன்றோடொன்று ஒட்டி உருண்டது. மேல்பரப்பு மட்டும் சூட்டில் வெந்து இறுகியிருக்கும். கொதிக்கும்போது இளகி வழுவழுக்கும். பபிள் டீ முத்துக்கு மாவைக் கொதிக்கிற பாகில் வேகவைத்துப் பிசைகிறார்கள். பச்சைத் தண்ணீரில் மரவள்ளி மாவைக் கரைத்துப் பிசைந்தால் கைக்குள் கட்டியாக நின்று, விட்டதும் வழிந்து ஓடிவிடும். கொதி பட்ட மாவுதான் மீதி மாவைப் பிடித்து நிறுத்துகிற பசை. அளவும் பெரிது. பாயசத்து ஜவ்வரிசி இரண்டு, மூன்று மில்லிமீட்டர் என்றால் முத்து எட்டு, பத்து மில்லிமீட்டர். அதனால்தான் அந்தத் தடித்த ஸ்ட்ரா.

மறுநாள் நாங்கள் செய்த கணக்கு இது. 100 கிராம் மரவள்ளி ஸ்டார்ச், 60 கிராம் நாட்டுச்சர்க்கரை, 60 மில்லி தண்ணீர். சர்க்கரையும் தண்ணீரும் தளதளவென்று கொதிக்கும்போது மூன்றில் ஒரு பங்கு மாவைப் போட்டுக் கிளறினால் கண்ணாடி மாதிரி கூழாகும். அடுப்பை அணைத்து, மீதி மாவைக் கொட்டி, கை பொறுக்கும் சூட்டிலேயே பிசைய வேண்டும். ஆறவிட்டால் வெடிக்கும். கயிறாகத் திரித்து, துண்டு போட்டு, உருட்டி, மாவு தூவி வைத்துக்கொள்ளலாம். நிறையத் தண்ணீரில் இருபது, இருபத்தைந்து நிமிடம் கொதித்து, மூடியபடியே இன்னொரு இருபது நிமிடம் இருந்தால், நடுவிலிருக்கும் வெள்ளைப் புள்ளி மறையும். குளிர்ந்த தண்ணீரில் அலசிப் பாகில் ஊறவிட வேண்டும். சர்க்கரை கவுந்தப்பாடிச் சரக்கு. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற அதே சர்க்கரை. கடை முத்தின் கறுப்பு நிறம் வரவில்லை, பழுப்பாகத்தான் இருந்தது. மணம் மட்டும் எந்தக் கடையிலும் கிடைக்காத மணம். மூன்று, நான்கு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். வெந்த மாவுச்சத்து ஆறும்போது திரும்ப இறுகுவது அதன் இயல்பு. ஃப்ரிட்ஜில் வைத்தால் இன்னும் சீக்கிரம் கல்லாகும்.

மற்ற சேர்மானங்களில் வாயில் வைத்ததும் வெடித்துச் சாறு விடுகிற உருண்டைக்குக் கிழங்கோடு சம்பந்தமே கிடையாது. பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட், கால்சியம் கலந்த நீரைத் தொட்டவுடன் மெல்லிய தோலாக மாறும். சாறு அதற்குள் அடைபடும். நாட்டா டி கோகோ என்பது தேங்காய்த் தண்ணீரை நுண்ணுயிர் கொண்டு புளிக்கவைத்து எடுக்கிற தென்னை ஜெல்லி, பிலிப்பைன்ஸ்காரர்கள் உலகத்துக்குக் கொடுத்தது. புதினா இனத்துச் செடியைக் காய்ச்சி எடுக்கும் கறுப்பு மூலிகை ஜெல்லி, சோற்றுக்கற்றாழை, முட்டைப் புட்டிங், சிவப்புப் பயறு, மேலே உப்பு கலந்த சீஸ் நுரை என்று இன்னும் போகும். பாதாம் பிசினும் கடல்பாசியும் போட்டு ஜிகர்தண்டா குடிக்கிற ஊருக்கு இவை அந்நியமாகத் தோன்றாது. ஆனால் ஒரு கப்பில் இரண்டு சேர்மானத்துக்கு மேல் போனால் தேநீர் காணாமல் போய்விடும் என்பது என் கருத்து.

சுவைகளில் கறுப்புத் தேநீரும் பாலும் கலந்ததே மூலம். ஊதா நிறத்தில் வருகிற டாரோ நம் சேப்பங்கிழங்குதான். மாட்ச்சா, ஜப்பானியப் பச்சைத் தேயிலைப் பொடி. மாம்பழம், லிச்சி, பேஷன் ஃப்ரூட் எல்லாம் பால் சேராத தேநீரில்தான் எடுபடும். கப்பின் சுவரில் வெல்லப் பாகு கோடுகோடாக இறங்கி நிற்கும் பிரவுன் சுகர் மில்க்கில் பல கடைகளில் தேயிலையே கிடையாது.

சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இது 1990களிலிருந்தே தெரிந்த பானம். 2020 ஏப்ரலில் கொரோனாவுக்காக அந்தக் கடைகளை மூடப் போகிறார்கள் என்ற அறிவிப்பு வந்த இரவில், கடைசிக் கப்புக்கு வரிசை நின்றது. அதே ஊரில்தான் 2023 டிசம்பர் 30 முதல், உடனுக்குடன் கலந்து கொடுக்கும் பானங்களுக்கும் சர்க்கரை அளவைப் பொறுத்து ஏ முதல் டி வரை தரம் போடும் விதி வந்தது. முத்தும் பாகும் இனிப்பும் மாவுச்சத்தும்தான் என்பதால் இது அவசியமான விதி. சர்க்கரை எவ்வளவு போடலாம் என்று கடைக்காரர் கேட்கும்போது கால் பங்கு என்று சொல்லலாம். முத்திலேயே போதுமான இனிப்பு இருக்கிறது. சின்னக் குழந்தைகளுக்கு ஸ்ட்ராவில் முத்தை உறிஞ்சக் கொடுக்கக் கூடாது. சரேலென்று தொண்டையில் போய் அடைக்கும்.

குன்னத்தூரில் நின்று கணக்குப் போட்டால், தேவையானதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மாவு சேலத்தில், சர்க்கரை கவுந்தப்பாடியில், தேயிலை நீலகிரியில், பாலுக்கு வெண்ணெய்க்குப் பேர்போன ஊத்துக்குளி வட்டாரமே இருக்கிறது. கிழங்கு விவசாயி பட்ட பாடும் கொஞ்சமில்லை. 2020இல் கேரளத்தில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி நாமக்கல், சேலம் தோட்டங்களைச் சுருட்டியது. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து விட்ட பிறகுதான் அடங்கியது. விலையோ வடநாட்டு விரதக் காலத்தை நம்பி ஏறி இறங்குகிறது. அதனால் கிழங்குக்கு இன்னொரு சந்தை வேண்டும். போரில் கப்பல் நின்றுபோன பிறகு, 1943இல் இரண்டு வியாபாரிகள் துணிந்து இறங்கினார்கள். முத்துக்கு இப்போது அவ்வளவு துணிச்சல்கூடத் தேவைப்படாது. சூடாகப் பிசைகிற ஒரு இயந்திரமும், ஒரே அளவாக உருட்டுகிற இன்னொன்றும், காற்றுப் புகாத பாக்கெட்டும் போதும். 1982 முதல் இயங்கிவரும் சேலம் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தில் ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் ஏலம் போகின்றன. மூன்றாவது சரக்காக முத்தும் அந்தப் பட்டியலில் ஏற வேண்டும். முதலில் இறங்குகிற ஆலைக்காரருக்குக் கோவையிலும் திருப்பூரிலுமே வாங்க ஆள் இருக்கிறார்கள்.