உடைத்த தகடும் மிஞ்சிய படமும்



பனியாறுகள் குடைந்த பாறைக்கரை கொண்டது தென் ஜார்ஜியாத் தீவு. 1914-இல் தென்துருவம் நோக்கிப் புறப்பட்ட ஷாக்கில்டனின் கப்பல் அங்கே ஒரு மாதம் தங்கியது. உடன் சென்ற ஆஸ்திரேலியர் பிராங்க் ஹர்லி, கனத்த கேமராவோடு மலையேறி அக்கரையைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தார். ஒவ்வொரு படமும் ஒரு கண்ணாடித் தகடு!

1915-இல் கடற்பனி கப்பலை நொறுக்கியது. மனுஷர் சட்டையைக் கழற்றிவிட்டு ஐஸ் தண்ணிக்குள்ளே இறங்கித் தகடுகளை மீட்டார். ஆனால் படகு பாரம் தாங்காதே! இருவரும் பனிமேல் உட்கார்ந்து பொறுக்கினார்கள். சுமார் 120 தகடுகளை வைத்துக்கொண்டு, 400-ஐ உடைத்தே போட்டார்கள். ஏன் உடைக்கணும் என்கிறீர்களா? பிறகு மனசு மாறிவிடக் கூடாதே!

மிஞ்சியது ஒரு சின்னக் கோடாக் கேமரா, 3 சுருள் பிலிம். 1916-இல் எலிபெண்ட் தீவின் பாறைக்கரையில் 22 பேர் காத்துக் கிடந்ததை அதில்தான் பிடித்தார். ஆகஸ்டு 30-இல் மீட்புக் கப்பல் வந்தது. ஆட்களோடு தகடுகளும் கரை சேர்ந்தன.