மாக்சிஸ் பிசினஸ் சிமுலேஷன்ஸ்

மாக்சிஸ் பிசினஸ் சிமுலேஷன்ஸ், பணியிடப் பயிற்சிக்கென்றே கணினி விளையாட்டுகளைத் தயாரித்த அமெரிக்க நிறுவனம். ‘சிம்சிட்டி’ விளையாட்டை வெளியிட்ட மாக்சிஸின் கிளையாக 1992இல் கலிபோர்னியாவின் மான்டெரே நகரில் தொடங்கியது. 1994இல் தாய் நிறுவனத்திலிருந்து பிரிந்து ‘திங்கிங் டூல்ஸ்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஜான் ஹைல்ஸ் இதன் தலைவர். செவ்ரான் எண்ணெய் நிறுவனத்துக்காகச் செய்த ‘சிம்ரிஃபைனரி’, மருத்துவச் சீர்திருத்தம் பற்றிய ‘சிம்ஹெல்த்’ ஆகிய இரண்டும் இதன் தயாரிப்புகளில் பேர்பெற்றவை. இயங்கிய காலம் குறைவு, விற்பனையும் சொல்லும்படி இல்லை. ஆனாலும் பயிற்சி விளையாட்டுத் துறையின் வரலாற்றை எழுத முனையும் எவரும் இந்தச் சிறிய நிறுவனத்தைத் தாண்டிப் போக முடியாது. இத்துறை இன்றுவரை தீர்க்காத சிக்கல்கள் அத்தனையும் இதன் கதையில் முன்கூட்டியே வந்துபோயின.

முன்வரலாறு

வேலை கற்றுக்கொடுக்க விளையாட்டைப் பயன்படுத்தும் வழக்கம் கணினிக்கு முந்தியது. சோவியத் ரஷ்யாவில், லெனின்கிராடில் மேரி பிர்ஷ்டைன் 1932இல் ஒரு தட்டச்சுப்பொறித் தொழிற்சாலையின் மேலாளர்களுக்காக உற்பத்தி விளையாட்டு ஒன்றை நடத்தினார். அமெரிக்க மேலாண்மைச் சங்கம் 1957இல் உயர்நிலை மேலாளர்களுக்கான முடிவெடுக்கும் விளையாட்டை அறிமுகப்படுத்தியது. ‘சீரியஸ் கேம்ஸ்’ என்ற பெயரைத் தலைப்பாகவே வைத்து கிளார்க் ஆப்ட் எழுதிய நூல் 1970இல் வந்தது.

இவற்றில் இன்றும் வகுப்பறைகளில் ஆடப்படுவது, எம்ஐடியில் ஜே ஃபாரஸ்டரின் குழு உருவாக்கிய ‘பீர் விளையாட்டு’. சில்லறைக் கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என்று நான்கு இடங்களில் ஆட்கள் அமர்வார்கள். வாரந்தோறும் ஒவ்வொருவரும் தமக்கு மேலே இருப்பவரிடம் சரக்குக் கேட்டு ஆர்டர் போட வேண்டும். ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. கேட்ட சரக்கு கைக்கு வர சில வாரம் பிடிக்கும். வாடிக்கையாளர் தேவை வாரத்துக்கு 4 பெட்டியாக இருந்து, ஒரே ஒரு முறை 8 பெட்டியாக உயர்ந்து, பிறகு அப்படியே நின்றுவிடும். நடப்பது அவ்வளவுதான். ஆனால் சரக்கு வராத பதற்றத்தில் ஒவ்வொருவரும் கூட்டிக் கூட்டி ஆர்டர் போடுவார்கள். சில வாரம் கழித்து எல்லாம் ஒன்றாக வந்து இறங்கும். கிடங்கு நிரம்பி வழியும், ஆலை ஆர்டர் இல்லாமல் நிற்கும். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் வாடிக்கையாளரைத்தான் குறை சொல்வார்கள். தேவை வரைபடத்தைக் காட்டினால் வாயடைத்துப் போவார்கள். முட்டாள்கள் யாரும் இல்லாத இடத்தில்கூட அமைப்பின் வடிவமே குழப்பத்தை உண்டாக்கும் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிவிட முடியாது.

சிம்சிட்டியும் மாக்சிஸின் தயக்கமும்

நகரங்களின் வளர்ச்சியையும் தேய்வையும் கணித மாதிரியாக ஆராய்ந்து அதே ஃபாரஸ்டர் 1969இல் ஒரு நூல் எழுதினார். சிம்சிட்டியை வடிவமைத்தபோது வில் ரைட் துணைகொண்டவற்றில் அதுவும் ஒன்று. ரைட்டும் ஜெஃப் பிரானும் 1987இல் தொடங்கிய மாக்சிஸ், 1989இல் சிம்சிட்டியை வெளியிட்டது. அதில் வெற்றி தோல்வி கிடையாது. குடியிருப்பு, கடை, தொழிற்சாலை என்று நிலத்தைப் பிரித்து, மின்சாரம் கொடுத்து, சாலை போட்டு, வரி விதித்து, ஊர் என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கலாம். பலரும் பிடிக்காது என்று நினைத்த இந்த ஆட்டம் உலகெங்கும் விற்றது.

விற்றதும் மாக்சிஸின் கதவைத் தட்டியவர்கள் விளையாட்டுப் பிரியர்கள் மட்டும் அல்ல. எங்கள் தொழிலுக்கும் இப்படி ஒன்று செய்து தாருங்கள் என்று நிறுவனங்களும் கேட்டு வந்தன. ரைட்டுக்கு இதில் விருப்பம் இல்லை. சிம்சிட்டி நகரத்தின் கேலிச்சித்திரம் போன்றது, அதை நிஜ நகரத்தின் அளவுகோலாக யாராவது எடுத்துக்கொண்டால் ஆபத்து என்பது அவர் எண்ணம். இந்தத் தயக்கம் நியாயமானது என்பதைப் பின்னால் நடந்தவை காட்டின. ஆனால் கேட்டு வந்த பணத்தை விட்டுவிட நிறுவனத்துக்கு மனமில்லை. ஹைல்ஸ் நடத்திவந்த டெல்டா லாஜிக் என்ற சிறு நிறுவனத்தை வாங்கி, வணிகப் பயிற்சிக்கான தனிக் கிளையாக மாற்றியது.

சிம்ரிஃபைனரி

முதல் பெரிய வாடிக்கையாளர் செவ்ரான். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாக் கரையில் ரிச்மண்ட் நகரில் 1902 முதல் இயங்கிவரும் அதன் சுத்திகரிப்பு ஆலைதான் விளையாட்டின் மூலம்.

சுத்திகரிப்பு ஆலையில் எந்த அலகும் தனியாக வாழ்வதில்லை. கச்சா எண்ணெய் முதலில் வடிகோபுரத்துக்குப் போகிறது. சூடாக்கினால் இலேசானவை மேலேயும் கனமானவை கீழேயுமாகப் பிரியும். கனமான பகுதியை வினையூக்கி அலகு உடைத்து பெட்ரோலுக்கு ஏற்றதாக்குகிறது. இன்னொரு பகுதி ரிஃபார்மர் என்னும் அலகுக்குப் போய் ஆக்டேன் எண் உயர்ந்து வெளிவருகிறது. கூடவே ஹைட்ரஜனும் கிடைக்கிறது. அந்த ஹைட்ரஜனைக் கொண்டுதான் வேறோர் அலகு டீசலில் இருக்கும் கந்தகத்தை நீக்குகிறது. ஆகவே ரிஃபார்மரின் ஓட்டத்தைக் குறைத்தால் பெட்ரோல் மட்டும் பாதிக்கப்படுவதில்லை. ஆலையின் மறுகோடியில் டீசலைப் பார்த்துக்கொள்பவருக்கும் தலைவலி தொடங்கிவிடும். அவரவர் அலகைக் கரைத்துக் குடித்த ஊழியர்களுக்கும் பக்கத்து அலகில் நடப்பது தெரியாது. கணக்குப் பிரிவிலும் பணியாளர் பிரிவிலும் இருப்பவர்களுக்கோ எதுவுமே தெரியாது.

சிம்ரிஃபைனரி இந்த இடைவெளியை நிரப்ப வந்தது. திரையில் ஆலை, சிம்சிட்டி நகரம் போலவே மேலிருந்து பார்க்கும் வரைபடமாக விரியும். தொட்டிகள், குழாய்கள், அலகுகள் எல்லாம் அதில் இருக்கும். ஓட்டத்தையும் அளவுகளையும் மாற்றிவிட்டு, உற்பத்தியும் வருமானமும் எப்படி மாறுகின்றன என்று கவனிக்கலாம். வால்வு திருப்புபவருக்கு வால்வு திருப்பக் கற்றுத் தருவது இதன் வேலை அல்ல. ஆலையின் எண்களைத் துல்லியமாகக் கணிக்க வேறு மென்பொருள்கள் உண்டு. ஓரிடத்தில் எடுத்த முடிவு வேறோர் இடத்தில் எப்படி வந்து விழுகிறது என்பதை உணர்த்துவதே ஹைல்ஸ் குழுவின் நோக்கம். பயிற்சி விளையாட்டு நேர்மையாக வாக்களிக்கக்கூடியதும் இவ்வளவே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

சிம்ஹெல்த்

அடுத்து வந்த சிம்ஹெல்த் அந்த எல்லையைத் தாண்டியது. அதிபர் பில் கிளின்டனின் மருத்துவச் சீர்திருத்தத் திட்டத்தை ஒட்டி அமெரிக்கா இரண்டுபட்டு நின்ற 1994இல், மார்க்கிள் அறக்கட்டளையின் நிதியுதவியோடு இது வெளியானது. ஆடுபவர் ஒரு மக்கள் பிரதிநிதி. சுதந்திரம், சமத்துவம், சமூகப் பொறுப்பு, செயல்திறன் ஆகியவற்றில் தமக்கு எது முக்கியம் என்று முதலில் அறிவித்துவிட வேண்டும். பிறகு போடும் திட்டங்கள் அந்த அறிவிப்போடு ஒத்துப்போகின்றனவா என்று ஆட்டம் கண்காணிக்கும்.

யோசனை அருமையானது. ஆடிப் பார்த்தவர்களோ திணறினார்கள். ஏராளமான அமைப்புகள், எண்கள். எதைத் தொட்டால் என்ன நடக்கிறது என்றே புரியாது. சமூகவியலாளர் பால் ஸ்டார் இதைக் கடுமையாக விமர்சித்தார். கிளின்டன் திட்டத்துக்கே ஆலோசகராக இருந்தவர் அவர். நிரலுக்குள் புதைந்திருக்கும் அனுமானங்களை ஆடுபவர் பார்க்கவும் முடியாது, கேள்வி கேட்கவும் முடியாது. அப்படி இருக்க, கொள்கை பற்றி அது கற்றுத்தருவது என்ன என்பது அவர் வாதத்தின் சாரம். எம்ஐடியின் ஷெர்ரி டர்க்கிள் பதிவு செய்த ஒரு நிகழ்ச்சி இதே கவலையை இன்னும் எளிமையாகச் சொல்கிறது. சிம்சிட்டியில் கைதேர்ந்த ஒரு பள்ளி மாணவி, வரியை உயர்த்தினால் எப்போதும் கலவரம்தான் வரும் என்று தன் விதிகளில் ஒன்றாக டர்க்கிளிடம் சொன்னாள். அந்த விதியை எழுதியது ஒரு நிரலாளர், உலகம் அல்ல என்பது அவளுக்குத் தோன்றவில்லை. ஊழியர் பயிற்சியிலும் இதே பொறி இருக்கிறது. முதலாளி எழுதி வாங்கிய விதிகளைத் தொழிலின் இயற்கையாகவே ஊழியர் கற்றுக்கொண்டு போகலாம்.

திங்கிங் டூல்ஸ்

1994இல் மாக்சிஸ் கையைக் கழுவிக்கொண்டது. தனி நிறுவனமான திங்கிங் டூல்ஸ், தொலைபேசித் துறைப் போட்டியைப் பற்றி ‘டெலிசிம்’, திட்ட மேலாண்மை பற்றி ‘ப்ராஜெக்ட் சேலஞ்ச்’ ஆகியவற்றைத் தயாரித்தது. 1996இல் பங்குச் சந்தைக்கும் போனது. பணம் நிற்கவில்லை. காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. கடையில் விற்கும் விளையாட்டை ஒரு முறை செய்துவிட்டு இலட்சக்கணக்கில் விற்கலாம். எண்ணெய் ஆலைக்குச் செய்ததைத் தொலைபேசி நிறுவனத்துக்குக் கொடுக்க முடியுமா? ஒவ்வொன்றையும் அடியிலிருந்து தொடங்க வேண்டும். அந்தத் தொழிலைக் கற்க வேண்டும். முடிந்ததும் அந்த ஒரு வாடிக்கையாளரோடு கணக்கு முடிந்தது. போதாக்குறைக்கு, வாங்க வந்தவர்களில் பலர் எதிர்பார்த்தது எதிர்காலத்தைச் சொல்லும் இயந்திரம். கையில் கிடைத்ததோ சிந்திக்க உதவும் பொம்மை.

தொண்ணூறுகளின் இறுதியில் நிறுவனம் ஓய்ந்தது. ஹைல்ஸ் மான்டெரேயிலேயே இருக்கும் அமெரிக்கக் கடற்படை முதுநிலைக் கல்லூரியில் உருவகப்படுத்தல் ஆராய்ச்சிக்குச் சென்றார். மாக்சிஸை 1997இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வாங்கிக்கொண்டது. தொழில் தோற்றாலும் எண்ணம் தோற்கவில்லை. அமெரிக்க இராணுவம் ஆள்சேர்ப்புக்காக வெளியிட்ட ‘அமெரிக்காஸ் ஆர்மி’ 2002இல் வந்து, பயன்பாட்டு விளையாட்டுகளின் பக்கம் அரசின் பணத்தைத் திருப்பியது. இன்று தீயணைப்பு முதல் அறுவைச் சிகிச்சை வரை பயிற்சி விளையாட்டுகள் உண்டு.

மீண்டும் கிடைத்தது

செவ்ரானின் ஊழியர்களுக்காக மட்டும் செய்யப்பட்டதால் சிம்ரிஃபைனரி வெளியே விற்கப்படவில்லை. கால் நூற்றாண்டுக் காலம் அது பெயரளவில்தான் இருந்தது. நூலகரான ஃபில் சால்வடார், சம்பந்தப்பட்டவர்களைத் தேடிப் பேசி, நிறுவனத்தின் வரலாற்றை 2020 மே மாதம் விரிவாக எழுதி வெளியிட்டார். அது செய்தியாகப் பரவியதைப் படித்த ஒரு வாசகர், ஓய்வுபெற்ற வேதிப் பொறியாளரான தம் நண்பரிடம் ஒரு நெகிழ்வட்டு இருப்பதாகத் தெரிவித்தார். அதிலிருந்த மென்பொருள் 2020 ஜூனில் இணைய ஆவணக் காப்பகத்தில் ஏற்றப்பட்டது. அது முழுமை பெறாத முன்மாதிரிதான். சில பகுதிகள் சரிவர இயங்குவதில்லை. ஆனாலும் ரிச்மண்ட் ஆலையின் குழாய்களைத் திரையில் பார்க்க விரும்புபவர்கள் அதை உலாவியிலேயே இயக்கிப் பார்க்கலாம்.